அம்முணி பேசறது மட்டும் கேட்கலை

காது மெஷின் வேலை செய்யுதா என்று என்னையா கேட்கறீங்க? நல்ல ஆளைப் பார்த்துக் கேட்டீங்க. உட்காருங்க. உங்க டோக்கன் பதினாலு, உள்ளே ஓடறது ஒன்பது. அந்த ஒன்பதாம் நம்பர் எங்க மாமா, என் வீட்டுக்காரரோட அப்பா. நான்தான் கூட்டிட்டு வந்தேன். உள்ளே உட்கார முடியாமல் பத்து நிமிஷத்துக்கு முன்னாடி எழுந்து வெளியே வந்துட்டேன். ஏன் என்று சொல்றேன், அவசரப்படுத்தாதீங்க.

உங்கம்மாவை அந்த ஓரமா உட்கார வையுங்க, ஏசி நேரா மூஞ்சியில் அடிக்காது. எத்தனை வருஷமாக் கேட்கலை? நாலா? எங்களுக்கு ஆறு.

முதல்லயே ஒண்ணு சொல்லிடறேன். நான் அதிகம் பேசற ஆள் இல்லை. படிச்சது கான்வென்ட்டில். சிஸ்டர் அனுன்சியாட்டா என்று ஒருத்தங்க, எந்த தேசமோ, என் பேர் எழிலரசி, அவங்க வாயில் அது கடைசி வரைக்கும் எலிலரசிதான். அந்தம்மா எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ரெண்டே விஷயம். முதுகை நேரா வை. வாயை மூடு. முதுகு இன்னைக்கும் நேராத்தான் இருக்கு, பாருங்க.

மாமா பேர் ஆறுச்சாமி. எழுபத்தெட்டு வயசு. ஒரு நூல் மில்லில் முப்பத்தி நாலு வருஷம், ஸ்பின்னிங்கில் மேஸ்திரி. அந்த மெஷினெல்லாம் ஓடற இடத்தில் நீங்க நின்னிருக்கீங்களா? கல்யாணமான புதுசில் ஆயுத பூஜைக்குக் கூட்டிட்டுப் போனாங்க. பூஜை முடிஞ்சு மெஷினை ஓட்டிக் காட்டினாங்க பாருங்க, பல்லெல்லாம் ஆடுது. பக்கத்தில் நின்னுட்டு என் வீட்டுக்காரர் என்னமோ சொல்றார், ஒரு எழுத்து காதில் விழலை. புதுப் பொண்டாட்டிகிட்ட ஆசையா ஏதோ சொல்றார் என்று நானும் வெட்கப்பட்டுச் சிரிச்சு வெச்சேன். வெளியே வந்ததும் கேட்டா, "உன் செருப்பு அறுந்திருக்குது"ன்னாராம். அந்தச் சத்தத்தில் முப்பத்தி நாலு வருஷம் நின்னா காது என்ன கருங்கல்லா? கொஞ்சம் கொஞ்சமாப் போய், அத்தை காலமான வருஷம் அனேகமா முழுசாவே போயிருச்சு.

காது போனதும் மனுஷன் என்ன செய்யணும்? ஹாலில் டிவி இருக்கு, வாசலில் நாற்காலி இருக்கு, பொட்டாட்ட, சத்தம் காட்டாமல் உட்காரணும். இவர் ஒரு முக்காலியைத் தூக்கிட்டு என் சமையல்கட்டுக்கு வந்துட்டார். காலையில் டீக்கடைக்குப் போய்ட்டு எட்டு மணிக்கு வந்து உட்கார்ந்தா மத்தியானம் வரைக்கும் அங்கேதான். சின்ன வெங்காயம் உரிப்பார். எந்த வீட்டில் அவ்வளவு வெங்காயம் செலவாகும்? உரிச்சு உரிச்சு டப்பாவில் போட்டுட்டு என் மூஞ்சியையே பார்த்துட்டிருப்பார்.

நானும் மனுஷிதானே. என் வீட்டுக்காரர் எட்டரைக்குப் பட்டறைக்குப் போனா இருட்டினப்புறம்தான் வருவார். பையன் சென்னையில். எதிரே ஓர் ஆள் உட்கார்ந்திருக்கார், காதும் கேட்காது. நீங்களா இருந்தாப் பேச மாட்டீங்களா? நான் பேசினேன். அதிகமில்லை. தாளிக்கிறப்ப ரெண்டு வார்த்தை, குக்கர் விசில் வர்ற வரைக்கும் ரெண்டு வார்த்தை, அப்புறம் பாத்திரம் கழுவறப்ப. ஆறு வருஷமா.

என்ன பேசினேன் என்றா கேட்கறீங்க? எல்லாம்தான். என் நாத்தனார் சுலோச்சனா, திருப்பூரில் இருக்கா, அவ ஒவ்வொரு தீவாளிக்கும் எடுத்துட்டு வர்ற சேலையைப் பத்தி. அந்தக் கலரை நான் தரை துடைக்கக்கூட வெச்சுக்க மாட்டேன். என் வீட்டுக்காரர் மீசையைப் பத்தி. அப்புறம், இவரைப் பத்தியே இவர் மூஞ்சிக்கு நேரா. "ரெண்டு காபி ஆச்சு, மூணாவதுக்கு எதுக்கு அந்த டம்ளரை நகர்த்தறீங்க, இது என்ன கேன்டீனா?" அப்படி. சிரிச்ச முகமாத்தான் சொல்வேன். மேனர்ஸ் இருக்கில்லையா.

ஒரே ஒரு விஷயத்தை மட்டும் சிரிக்காமல் சொல்வேன். தொண்ணூத்தெட்டில் நான் படிச்ச கான்வென்ட்டிலிருந்தே டீச்சர் வேலைக்குக் கூப்பிட்டாங்க. இங்கிலீஷ் டீச்சர். இவர்தான் தலையைச் சொறிஞ்சுட்டு, "நம்ம ஊட்டுல பொம்பளைங்க வேலைக்குப் போறதில்லீங் கண்ணு" என்று முடிச்சு வெச்சவர். அதை மாசத்துக்கு ஒருதடவையாவது எதிரே நின்னு சொல்வேன். இவர் வெங்காயம் உரிச்சுட்டிருப்பார். கண்ணில் தண்ணி வரும். வெங்காயம்தான்.

மெஷின் போடலாம் என்று என் வீட்டுக்காரர் அஞ்சு வருஷமாச் சொல்றார். மாமா ஒத்துக்கவே இல்லை. ஏன் என்கிறீங்க? காரணம் ஒண்ணா ரெண்டா. "எனக்கென்ன வயசாச்சு" என்பார் ஒருநாள். "இந்த வயசுக்கு மேல எதுக்கு" என்பார் மறுநாள். ரெண்டும் ஒரே வாய். கூட வேலை பார்த்த ரங்கசாமி ஒருத்தர் வாங்கி மாட்டினார். டீக்கடையில் எல்லாரும் சேர்ந்து டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் என்று பேர் வெச்சாங்க. அந்த மனுஷன் மூணாவது நாள் அதைக் கழட்டி பீரோவில் நகையோட வெச்சுப் பூட்டிட்டார். சோடாபுட்டி கண்ணாடி போட்டா படிச்சவர் என்கிறோம். காதில் கடலை சைஸுக்கு ஒண்ணு மாட்டினா உலகமே எட்டிப் பார்க்குது. என்ன நியாயம் இது? உங்கம்மாவும் அதுக்குத்தான் மாட்டேங்கிறாங்களா? அதானே.

அந்த டீக்கடை பெஞ்சு இருக்கே, அதில் மில் ஆளுங்க அஞ்சு பேர். அஞ்சும் செவிடு. வட்டமா, ஒருத்தரை ஒருத்தர் பார்த்து உட்கார்ந்திருப்பாங்க. சத்தமே இருக்காது. வாய் மட்டும் அசையும். நடுவில் திடீரென்று எல்லாரும் சேர்ந்து தொடையைத் தட்டிச் சிரிப்பாங்க. நான் பால் வாங்கப் போறப்ப தினமும் பார்ப்பேன். வெத்தலை மெல்லறாங்க, பாவம், ஏதோ பழைய நினைப்பில் சிரிக்கிறாங்க என்று நினைச்சுட்டுப் போயிடுவேன்.

சிரிக்காதீங்க. நான் இன்னும் விஷயத்துக்கே வரலை.

போன மாசம் அந்த டீக்கடை வாசலில் ஒரு தண்ணி லாரி ரிவர்ஸில் வந்திருக்கு. கிளீனர் கத்தறான், ஹாரன் அடிக்கிறான், இவர் முதுகைக் காட்டிட்டு நிற்கிறார். யாரோ வேட்டியைப் பிடிச்சு இழுத்ததால் வேட்டியோட போச்சு. அன்னைக்கு என் வீட்டுக்காரர் ஒரே முடிவாச் சொல்லிட்டார். "ஒண்ணு மெஷினைப் போடுங்க, இல்லைன்னா திருப்பூருக்குப் போய் சுலோச்சனாகிட்ட இருங்க. அபார்ட்மென்ட், கேட்டுக்குள்ள லாரியே வராது." பதினஞ்சு நாள் ட்ரையல் கொடுக்கறாங்க இல்லையா, அதைப் போட்டுப் பார்க்கறது, பிடிக்கலைன்னா திருப்பிக் கொடுத்துட்டு ஞாயித்துக்கிழமை திருப்பூர். சுலோச்சனா கட்டிலெல்லாம் போட்டு ரெடியா வெச்சிருக்கா.

இன்னைக்குப் பதினஞ்சாம் நாள்.

எனக்கென்ன, போனாப் போகட்டும். முக்காலி போன இடத்தில் ஒரு சின்ன ஃப்ரிட்ஜ் வைக்கலாம். அளவுகூட எடுத்துட்டேன். பத்தலை. அது வேற விஷயம்.

மாட்டின முதல் நாள் ஒரே கூத்து. தன் செருப்புச் சத்தத்துக்குத் தானே திரும்பிப் பார்க்கறார். குழாயைத் திறந்தா நாலடி தள்ளி நிற்கிறார். பேப்பரைப் புரட்டிட்டு, "இது இத்தனை சத்தம் போடுமா?" என்கிறார். ராத்திரி சாப்பிடறப்ப என் வீட்டுக்காரர் அப்பளம் கடிச்சதைக் கேட்டு, "ஏஞ்சாமி, பொறுமையாத் தின்னு" என்று சொல்றார். வீடே சிரிக்குது. நானும் சிரிச்சுட்டே அடுப்புகிட்டப் போய் நின்னு, கரண்டியை எடுத்து, வாயைத் திறந்தேன் பாருங்க.

அப்பத்தான் உறைச்சுது. இனி இவருக்குக் கேட்கும்!

அட கெரகமே. ஆறு வருஷமா நான் கட்டி ஆண்ட சாம்ராஜ்யம் ஒரு பொத்தான் சைஸ் மெஷினில் போச்சு. நாலு நாள் வாயைத் திறக்கலை. எனக்கு ஒண்ணும் கஷ்டமில்லை, சைலன்ஸ் எனக்குப் பழக்கம். ஆனா காலை நேரம் அவ்வளவு நீளம் என்று எனக்குத் தெரியவே தெரியாது. எட்டு மணிக்கப்புறம் எட்டே காலே வர மாட்டேங்குது. பாத்ரூமில் குழாயைத் திறந்து விட்டுட்டுப் பேசிப் பார்த்தேன். தண்ணி வேஸ்ட். மொட்டை மாடிக்குப் போனேன். பக்கத்து வீட்டுக்காரி, "யார்கூடப் பேசறீங்க?" என்கிறா. அஞ்சாம் நாள் ஒரு வழி கண்டுபிடிச்சேன். மாமாவுக்கு இங்கிலீஷ் தெரியாது! கான்வென்ட்டில் தமிழ் பேசினா முழங்கால் போட வைப்பாங்க. அந்த இங்கிலீஷெல்லாம் எதுக்குச் சேர்த்து வெச்சிருக்கேன்? சட்டினி அரைச்சுட்டே ஆரம்பிச்சேன். சுலோச்சனா, சேலை, மீசை, மூணாவது காபி எல்லாம் இங்கிலீஷில். என்ன ஒண்ணு, இங்கிலீஷில் திட்டினா அவ்வளவு ருசி வர்றதில்லை. உப்பில்லாத ரசம் மாதிரி இருக்கு. ஆனாலும் பரவாயில்லை, தலைவலி நின்னுது.

ஆறாம் நாள் மாமா இங்கே வரணும் என்கிறார். "மெஷின்ல ஏதோ பழுதுங்க" என்று டெஸ்ட் பண்ற பொண்ணுகிட்டச் சொல்றார். ஷெரின் என்று பேர், பாலக்காட்டுப் பொண்ணு, தங்கம். "என்ன பழுது அங்கிள்?" என்று கேட்டா. "ஊட்டுல எல்லாச் சத்தமும் வருதுங்க. குழாய் வருது, காக்கா வருது, மகன் அப்பளம் திங்கறது வருது. அம்முணி பேசறது மட்டும் கேக்கலீங்க. அப்பப்ப வருது, வந்தாலும் வார்த்தை புரியறதில்லை."

அம்முணி என்றால் நான்தான்.

அந்தப் பொண்ணு என்னைப் பார்க்கறா. நான் சுவத்தில் ஒட்டின காதுப் படத்தைப் பார்க்கறேன். அவ பாவம், கம்ப்யூட்டரில் என்னென்னமோ மாத்தி, "பொம்பளைங்க குரல் இப்ப நல்லாக் கேட்கும்" என்று அனுப்பி வெச்சா. பத்தாம் நாள் திரும்ப வந்தோம். அதே புகார். திரும்ப மாத்தினா. இன்னைக்கு மூணாவது தடவை. எனக்குக் குத்தமாத்தான் இருந்துச்சு. ஆனா என்ன என்று சொல்றது? "பழுது மெஷினில் இல்லைம்மா, நான்தான் வாயை மூடிட்டேன்" என்றா? ஏன் மூடினீங்க என்று கேட்பாளே.

இன்னைக்கு அவ விடலை. "ஆன்ட்டி, நீங்களும் உள்ளே வாங்க, உங்க குரலிலேயே டெஸ்ட் பண்ணிடலாம்" என்று மாமாவுக்கு எதிரே என்னை உட்கார வெச்சா. கையில் ஒரு அட்டை கொடுத்து வாயை மறைச்சுக்கச் சொன்னா. வரிசையா வார்த்தை படிக்கணும், மாமா திருப்பிச் சொல்லணும். மெஷினோட பத்துக்கு ஒன்பது சொன்னார். மெஷினைக் கழட்டிட்டுப் பத்துக்கு ரெண்டு. அப்போ மெஷின் நல்லாத்தானே இருக்கு? அந்தப் பொண்ணுக்கும் குழப்பம். "சரி, மெஷின் இல்லாமலே, அந்த அட்டையையும் கீழே வெச்சுட்டு, வீட்டில் பேசற மாதிரி ஏதாவது பேசுங்க ஆன்ட்டி" என்றா.

வீட்டில் பேசற மாதிரி. நான் என்னத்தைப் பேச? சத்தமே வராமல், எனக்கு நானே முணுமுணுத்தேன். "இந்தப் பொண்ணு வேற உயிரை எடுக்குது, வீட்டுக்குப் போய் இன்னும் சோறு வைக்கலை."

மாமா சிரிச்சுட்டே அந்தப் பொண்ணைப் பார்த்து, "நீங்க உசுரை எடுக்கறீங்களாமா. ஊட்டுல இன்னும் சோறு வெக்கலையாமா" என்றார்.



ஷெரின் துள்ளி எழுந்துட்டா. இன்னொண்ணு சொல்லுங்க என்கிறா. நான் சொல்ல மாட்டேன் என்று சும்மா உதட்டை மட்டும் அசைக்கிறேன், அதையும் சொல்றார். பத்துக்குப் பத்து! "அங்கிள், உதட்டைப் பார்த்தே படிக்கறீங்களே, யார் சொல்லிக்கொடுத்தாங்க?" என்றா. அவருக்கு அது ஒரு கேள்வியாவே படலை. "மில்லுல எல்லாருமே இப்படித்தானுங்க. ஸ்பின்னிங்குல நின்னுட்டு வேற எப்புடிப் பேசறது? அந்தக் கோடியில இருக்கறவன் பொண்டாட்டிகூடச் சண்டை போட்டதை இந்தக் கோடியில நின்னு தெரிஞ்சுக்குவோம்" என்கிறார். வெத்தலையுமில்லை, ஒரு மண்ணுமில்லை. அந்த அஞ்சு பேரும் ஊர் வம்பைக் கத்திப் பேசிட்டிருந்திருக்காங்க, என் கண்ணு முன்னாடி.

அதோட விட்டாரா? "மகன் பேசறதுதானுங்க தெரியாது. மீசை உதட்டை மூடிருச்சு. அம்முணி வாய் நல்ல தெளிவு. இங்கிலீஷ் ஸ்கூலு. என்ன ஒண்ணு, அடுப்புப் பக்கம் திரும்பிட்டா பாதி விட்டுப்போயிருமுங்க. அதுக்குத்தான் போன வருஷம் முக்காலியை சிலிண்டர் பக்கம் போட்டுக்கிட்டேன்."

வெளிச்சத்துக்காகப் போட்டார் என்று நினைச்சேங்க. வெங்காயம் உரிக்க.

எழுந்து வெளியே வந்துட்டேன். வந்து இந்த நாற்காலியில் உட்கார்ந்தேன், நீங்க வந்து மெஷின் வேலை செய்யுதா என்று கேட்கறீங்க.

இருங்க. உங்கம்மா எதுக்கு என்னையே உத்துப் பார்க்கறாங்க? அவங்க எங்கே வேலை பார்த்தாங்க? பீடி ஆபீஸா? அங்கே சத்தம் இருக்காதில்லை? எதுக்கும் நான் இப்படித் திரும்பி உட்கார்ந்துக்கறேன்.

ஆறு வருஷம். எண்ணிப் பாருங்க. ஒவ்வொண்ணா இப்பத்தான் ஞாபகம் வருது. மிக்ஸி தீயற வாசம் வருது என்று ஒரு வாரம் புலம்பினேன், புது மிக்ஸி வந்துச்சு. முழங்கால் வலியில் பரண் ஏற முடியலை என்றேன், பருப்பு டின்னெல்லாம் ஒருநாள் கீழே இறங்கி வரிசையா நிற்குது. சுலோச்சனா திடீரென்று சேலை எடுக்கறதையே நிறுத்திட்டா, "நீங்களே பிடிச்சதா எடுத்துக்கங்க அண்ணி" என்று பணத்தைக் கவரில் போட்டுக் கொடுக்கறா. நான் என்ன நினைச்சேன் தெரியுமா? கான்வென்ட் பழக்கம், செவ்வாய்க்கிழமை ஆனா அந்தோணியாருக்கு ஒரு மெழுகுவத்தி ஏத்திடுவேன். எல்லாம் அவர் வேலை என்று நினைச்சேன். ஆறு வருஷமா அந்தோணியாருக்கு மெழுகுவத்தி, இவருக்கு மூணாவது காபி கிடையாது.

அப்புறம் அந்த டியூஷன்.

ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி அந்த டீக்கடைக்காரர் பொண்ணு வந்து வாசலில் நிற்குது. "ஆன்ட்டி, எனக்கு இங்கிலீஷ் சொல்லித் தருவீங்களா?" நானும் என் இங்கிலீஷ் தெரு முழுக்கப் பேர் வாங்கியிருக்கு என்று நினைச்சுட்டேன். அடுத்த வாரம் இன்னும் ரெண்டு. இப்ப சனி, ஞாயிறு ஒன்பது பிள்ளைங்க வருது. முன் ரூமைக் காலி பண்ணி, பெஞ்சு வாங்கிப் போட்டது இவர். எதுக்கு என்று கேட்டதுக்குக் காது கேட்காத மாதிரி போயிட்டார்.

டீக்கடைக்காரர் பொண்ணு. எந்த டீக்கடை? அதே டீக்கடைதானே?

நான் இதை யோசிக்கவே இல்லைங்க. இப்ப உங்ககிட்டச் சொல்றப்பத்தான்... சும்மா இருங்க, எனக்கு ஒண்ணுமில்லை. இந்த ஏசி கண்ணுலயே அடிக்குது.

ஆனா செய்தது தப்புதானே? ஒரு பொம்பளை நம்பிப் பேசறா, கேட்காத மாதிரி உட்கார்ந்து அத்தனையும் வாங்கிட்டு இருக்கறது என்ன மேனர்ஸ்? ஒருதடவை, ஒரே ஒருதடவை, "அம்முணி, எனக்குத் தெரியுது" என்று சொல்லியிருக்கக் கூடாதா? வெளியே வரட்டும், கேட்கறேனா இல்லையா பாருங்க.

இதோ வர்றார். ஷெரினும் கூட வர்றா. கையில் என்ன அது, டப்பாவா? மெஷினைக் காதில் காணோமே. டப்பாவில் போட்டு மூடி அவகிட்டயே நீட்டறார் பாருங்க.

என்ன மாமா இது? திருப்பிக் கொடுக்கறீங்களா?

கேட்டீங்களா இவர் சொல்றதை? மெதுவாப் பேசத் தெரியாது இவருக்கு, அந்தக் கடைசி வரைக்கும் கேட்டிருக்கும். "வேண்டாங் கண்ணு. இதைப் போட்டதுல இருந்து ஊடு பொட்டாட்ட ஆயிருச்சு. எல்லாச் சத்தத்தையும் கொடுத்துட்டு நீ பேசறதைப் புடுங்கிக்குது. நான் திருப்பூருக்கே போயிக்கறேன்" என்கிறார். திருப்பூருக்குப் போறாராம்! ஷெரின், அந்த டப்பாவைக் கொடு இப்படி. நீ வாங்காதே. ரசீது கிழிச்சயா? கிழிக்காதே.

மாமா, இங்கே பாருங்க. என் மூஞ்சியைப் பாருங்க. தெளிவாத்தானே தெரியுது என் வாய்? யாரும் திருப்பூருக்குப் போகலை. நீங்க அங்கே போய் அந்த அபார்ட்மென்ட்டில் யார் வாயைப் பார்த்துட்டு உட்காருவீங்க? உங்க மகள் போனைக் காதில் வெச்சா ராத்திரிதான் எடுப்பா, உங்க பக்கம் திரும்பக்கூட மாட்டா. மாப்பிள்ளைக்கு மீசை மட்டுமில்லை, தாடியும் இருக்கு! ஆறு வருஷமா என் பேச்சைத் திருட்டுத்தனமா வாங்கித் தின்னுட்டு இப்ப கழண்டுக்கலாம் என்று பார்க்கறீங்களா? நாளைக்குக் காலையில் நான் யார்கிட்டப் பேசறது, சிலிண்டர்கிட்டயா? மெஷின் பழுதில்லை. நான்தான் வாயை மூடிட்டேன். பயந்துட்டேன், போதுமா? ஆமா, ஷெரின், நான்தான். மூணு தடவை உன்னை வேலை வாங்கினது நான்தான், மன்னிச்சுக்க. எல்லாரும் பார்க்கட்டும், பார்த்தாப் பார்க்கட்டும். ஏன் மாமா, தெரியுது என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்லையா?

என்ன?

என்ன சொன்னார் பாருங்க. "சொன்னா நீ நிறுத்திருவியேங் கண்ணு" என்கிறார்.

தண்ணி இருக்கா உங்ககிட்ட? கொடுங்க. தேங்க்ஸ்.

சரி, திரும்புங்க மாமா, நானே மாட்டி விடறேன். அசையாதீங்க. வலது காதுக்குச் சிவப்புப் புள்ளி, எனக்குத் தெரியும். ஆச்சு. இப்பக் கேட்குதா? நான் சொல்றது கேட்குதா? என்ன, கத்தறேனா? நானா? இது என் சாதாரணக் குரல் மாமா. இதைத்தான் ஆறு வருஷமா நீங்க கேட்டதில்லை.

ஷெரின் என்ன சொல்றா? தினமும் எட்டு மணி நேரமாவது போட்டால்தான் பழகுமாம். கேட்டீங்களா மாமா, எட்டு மணி நேரம். அதுக்கும் பேரம் பேசறார் பாருங்க, மில் யூனியனில் இருந்த ஆளாச்சே. காலையில் டீக்கடைக்குப் போறப்பப் போட்டுக்குவாராம். லாரி கேட்கும், அது போதுமாம். வந்து சமையல் முடியற வரைக்கும் கழட்டி டப்பாவில் வெச்சுடுவாராம், நான் இஷ்டத்துக்குப் பேசலாமாம். "எனக்குத்தான் காது கேக்காதே" என்கிறார், மூஞ்சியை எவ்வளவு அப்பாவியா வெச்சுக்கிட்டு! உதட்டைப் பார்ப்பீங்களே மாமா? பார்ப்பாராம். ஆனா கேட்காதாம். அது வேற, இது வேறயாம்.

சரி, போகட்டும். அது எனக்கும் சௌகரியம்தான்.

மத்தியானச் சாப்பாட்டுக்கு மேலே திரும்ப மாட்டிக்குவாராம். எதுக்கு மாமா? அப்ப நான்தான் தூங்கப் போயிடுவேனே?

இதென்னங்க புதுசா இருக்கு? "அப்ப நான் பேசறேன், நீ கேளு" என்கிறார்.

இவருக்குப் பேசறதுக்கு என்னங்க இருக்கு? நாள் பூரா வெங்காயம் உரிக்கிற மனுஷன். ஆறு வருஷத்தில் நான் ஒருதடவைகூட இவரை என்ன ஏது என்று கேட்டதில்லையாம், சொல்றார். நான் கேட்டதில்லையா? காபி வேணுமா என்று கேட்டிருக்கேன். அத்தை போனப்புறம் மனசு எப்படி இருக்கு என்று... இல்லை. அது கேட்கலை. கேட்டா, இவருக்குத்தான் காது கேட்காதே என்று...

சரிங்க, நாங்க கிளம்பறோம். ஷெரின், எங்கே கையெழுத்துப் போடணும்? இங்கேயா? ஆச்சு. நீங்க தைரியமா உங்கம்மாவுக்கு வாங்குங்க. நல்ல மெஷின். ஆனா வீட்டுக்குப் போனதும் அவங்ககூடப் பேசணும், அதைச் சொல்லிட்டேன். பேசலைன்னா மெஷின் பழுதுன்னுதான் சொல்வாங்க.

பாருங்க, செருப்பு மாட்டலை, அதுக்குள்ளே ஆரம்பிச்சுட்டார். மெதுவா இறங்குங்க மாமா, கம்பியைப் பிடிச்சுக்கங்க. யார், அத்தையா? அத்தை மில் கேட்டில் வந்து நின்னாங்களா? எப்ப? ஐயோ, கல்யாணத்துக்கு முன்னாடியேவா? அத்தையா அப்படி? இதை ஏன் இத்தனை நாளாச் சொல்லலை? அவங்கப்பாவுக்குத் தெரியுமா? ரங்கசாமி என்ன சொன்னார்? நான் எங்கே மாமா குறுக்கே பேசினேன்? நான் பேசவே இல்லையே.

சரி.

சரி என்கிறேனில்லை. சொல்லுங்க.